சேர்ந்து கிடக்கும் ஜாடி, பாட்டில், பழைய துணி: தினமும் உதவுகிற மாதிரி என்ன செய்யலாம்?

தாழ்வாரம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எதையும் தூக்கிப் போட மனசு வராத ஆள் நான். காலியான கண்ணாடி ஜாடிகள், தண்ணீர் பாட்டில்கள், கழுத்து தொங்கிப்போன டி-ஷர்ட்டுகள், நடுவில் இற்றுப்போன படுக்கை விரிப்புகள் என்று ஒரு அலமாரியே நிரம்பிவிட்டது. இணையத்தில் தேடினால் யோசனைகள் கொட்டிக் கிடக்கின்றன, ஆனால் பாதிக்கு மேல் படம் எடுப்பதற்காகவே செய்த மாதிரி இருக்கிறது. பாட்டிலை வெட்டி, வண்ணம் அடித்து, பூ ஒட்டி வைத்தால் அது கொஞ்ச நாளில் குப்பைக்குத்தான் போகும், வண்ணமும் பசையும் வாங்கிய செலவு வேறு. எனக்கு வேண்டியது அழகுப் பொருள் இல்லை, தினமும் கைக்கு உதவுகிற விஷயம்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. குழாயிலும் ஷவரிலும் வெள்ளையாக உப்புப் படிகிறது. வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்து ஊற்றினால் போய்விடும் என்று பார்க்கிற இடமெல்லாம் எழுதியிருக்கிறது. ஊற்றினால் பொங்குகிறது, கறை மட்டும் அப்படியே நிற்கிறது. ஏன் இப்படி? ஒவ்வொரு மூலைக்கும் ஒரு பாட்டில் வாங்காமல், இரண்டு மூன்று பொருளை வைத்தே வீடு முழுக்கச் சுத்தம் செய்ய வழி உண்டா?

வேதிக்கூடம் எழுதியது:

வணக்கம் நண்பரே. உப்புக்கறை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வினிகர்-சோடா கலவை எல்லா இடத்திலும் தவறாகவே பரவியிருக்கிறது. வினிகர் அமிலம், சமையல் சோடா காரம். இரண்டையும் கலந்தால் ஒன்றை ஒன்று தீர்த்துவிடும். அந்தப் பொங்கல் முழுக்கக் கரியமில வாயு, அது அடங்கிய பிறகு பாத்திரத்தில் மிஞ்சுவது தண்ணீரும் சோடியம் அசிட்டேட் என்ற ஒரு உப்பும்தான், இரண்டுக்கும் கறையைக் கரைக்கிற சக்தி கிடையாது. குழாயில் வெள்ளையாகப் படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அது அமிலத்தில் கரையும். வீட்டு வினிகரில் இருப்பதே சுமார் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம், அதையும் சோடாவுக்குக் கொடுத்துவிட்டால் கறைக்கு என்ன மிச்சம் இருக்கும்?

அதனால் வினிகரைத் தனியாகப் பயன்படுத்துங்கள். பழைய துணி ஒன்றை அதில் நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டி, காய்ந்துபோகாமல் இருக்க மேலே ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றி, அரை மணி நேரம் விடுங்கள். ஷவர் என்றால் பையில் வினிகரை ஊற்றி, ஷவர் முகம் மூழ்குகிற மாதிரி ரப்பர் பேண்டால் கட்டிவிடலாம். அப்புறம் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து நன்றாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கறை தடிமனாக இருந்தால் மறுபடி செய்யுங்கள், ஆனால் ராத்திரி முழுக்க ஊற விட வேண்டாம், பளபளப்புப் பூச்சு கெட்டுவிடும். வினிகர் வாசனை பிடிக்காதவர்கள் சிட்ரிக் அமிலத் தூளை ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி கரைத்து அதே மாதிரி பயன்படுத்தலாம்.

ஒரு எச்சரிக்கை. மார்பிள், சுண்ணாம்புக்கல் மேல் எந்த அமிலமும் படக்கூடாது. அந்தக் கல்லே கால்சியம் கார்பனேட்தான், கறையோடு சேர்ந்து கல்லின் பளபளப்பும் கரைந்துவிடும்.

எண்ணெய்ப் பிசுக்குக்கு நேர்மாறாகக் காரம் வேண்டும். அங்கே சமையல் சோடாவை விடச் சலவை சோடா பல மடங்கு வேலை செய்யும், வெந்நீரில் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு துடையுங்கள். அலுமினியப் பாத்திரம், கம்பளி, பட்டு இவற்றில் சலவை சோடா படவே கூடாது. சமையல் சோடா மென்மையான தூள், கீறல் விழாமல் தேய்க்கவும் வாடையை எடுக்கவும் நல்லது. ஆக வினிகர் அல்லது சிட்ரிக் அமிலம், சலவை சோடா, சமையல் சோடா, பாத்திரம் கழுவும் சோப்பு, இவ்வளவு இருந்தால் வீட்டில் பெரும்பாலான வேலை முடிந்துவிடும்.

கடைசியாக இதை மட்டும் தயவுசெய்து எல்லோரும் மனதில் வையுங்கள். பிளீச்சோடு வினிகரையோ, அமிலம் உள்ள கழிவறைத் திரவத்தையோ கலந்தால் குளோரின் வாயு வரும், அம்மோனியா உள்ள திரவத்தைக் கலந்தால் குளோரமின் வரும். இரண்டுமே நுரையீரலைத் தாக்கும் நச்சு வாயுக்கள். ஒன்றை ஊற்றித் தண்ணீரால் முழுக்கக் கழுவிய பிறகுதான் இன்னொன்று. சுத்தம் செய்யக் கரைத்து வைத்த திரவத்தைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதும் கூடாது, குழந்தைகள் தண்ணீர் என்று நினைத்துக் குடித்துவிடுவார்கள். வேறு வடிவ பாட்டிலில் வைத்து, மேலே பெயர் எழுதி ஒட்டி, கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

ஊசிநூல் எழுதியது:

துணி பற்றி நான் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. முதலில் பருத்தியையும் பாலியஸ்டரையும் பிரித்து வையுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், பலமுறை துவைத்த பருத்தி உடனே உறிஞ்சிக்கொள்ளும், பாலியஸ்டரில் பெரும்பாலும் சற்று நேரம் முத்து போல நிற்கும். துடைக்கிற துணிக்குப் பருத்திதான் வேண்டும், மற்றது தண்ணீரை இழுத்துக்கொண்டே போகும், உறிஞ்சாது. துணி மென்மையாக்கும் திரவம் போட்டுத் துவைத்த துண்டுகளும் சரியாக உறிஞ்சாமல் போகும், அதனால் துடைக்கும் துணிகளுக்கு அதைப் போடாதீர்கள்.

டி-ஷர்ட் துணி பின்னலாக இருப்பதால் வெட்டினாலும் நூல் பிரியாது, ஓரம் சுருண்டுகொள்ளும், அவ்வளவுதான். அதனால் ஓரம் மடித்துத் தைக்க வேண்டிய வேலையே இல்லை, கை அகலத்துக்கு வெட்டி ஒரு கூடையில் போட்டுச் சமையலறையில் வைத்தால் காகிதத் துடைப்பான் வாங்கும் பழக்கமே போய்விடும். இன்னொன்று, அக்குளுக்குக் கீழே உள்ள பகுதியைக் குறுக்கே இரண்டு மூன்று செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டி இழுத்தால் பட்டை தானாகச் சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். மூன்று கயிறுகளை ஜடை பின்னி, சுருட்டிச் சுருட்டித் தைத்தால் கால் மிதியடி. கனமாக இருக்கும், தண்ணீரை நன்றாகக் குடிக்கும், ஆனால் காய நேரம் எடுக்கும், அதனால் இரண்டு செய்து மாற்றி மாற்றிப் போடுங்கள்.

ஜீன்ஸைத் தூக்கிப் போடவே போடாதீர்கள். தொடைப் பகுதி இற்றிருந்தாலும் முழங்காலுக்குக் கீழே துணி புதிது மாதிரி இருக்கும். அதை இரண்டு மூன்று அடுக்காகத் தைத்தால் சூடான பாத்திரம் பிடிக்கிற துணி கிடைக்கும், ஆனால் அது முழுப் பருத்தியாக இருக்க வேண்டும், பாலியஸ்டர் கலந்திருந்தால் சூட்டில் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். ஈரமான துணியால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கவும் கூடாது, ஈரம் சூட்டை வேகமாகக் கைக்குக் கடத்திவிடும். பட்டன், ஜிப், கொக்கி எல்லாவற்றையும் வெட்டி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

தொட்டிச்செடி எழுதியது:

பாட்டிலுக்கு என்னிடம் ஒரு நல்ல வேலை இருக்கிறது. மேல் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, மூடியில் ஒரு ஓட்டை போட்டு, அதில் தடிமனான கயிறு ஒன்றை நுழைத்து, தலைகீழாகக் கீழ்ப் பாதிக்குள் உட்கார வையுங்கள். மேலே மண்ணும் செடியும், கீழே தண்ணீர். கயிறு தண்ணீரை உறிஞ்சி மண்ணுக்குக் கொடுக்கும், சில நாள் ஊருக்குப் போனாலும் செடி வாடாது. பருத்திக் கயிறு சீக்கிரம் மக்கிவிடும், பழைய செயற்கை நூல் துணியைப் பட்டையாக வெட்டித் திரித்துப் போட்டால் நீண்ட நாள் வரும் (மேலே துடைக்க உதவாது என்று ஒதுக்கிய பாலியஸ்டருக்கு இதுவே சரியான இடம்). பாட்டில் வெளிச்சத்தைக் கடத்துவதால் உள்ளே பாசி பிடிக்கும், வெளியே ஒரு துணியோ காகிதமோ சுற்றுங்கள். இரண்டு பாதிக்கும் நடுவே இடைவெளி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கொசு முட்டையிடும்.

பிளாஸ்டிக்கின் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். அதை எத்தனை முறை பயன்படுத்தலாம் என்ற கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1988-ல் மறுசுழற்சிக்குத் தரம் பிரிக்க வசதியாக வந்த எண் அது. 1 என்றால் தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) என்ற பிளாஸ்டிக், சுமார் 70 டிகிரி சூட்டிலேயே இளகிவிடும், அதில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றக்கூடாது. 5 என்றால் பாலிபுரொப்பிலீன், சூட்டைத் தாங்குவதில் கெட்டி.

மரத்தூள் எழுதியது:

எல்லோரும் நன்றாகச் சொன்னீர்கள், ஆனால் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். கையில் ஒரு ஜாடி இருக்கிறதே, இதை என்ன செய்யலாம் என்று ஆரம்பித்தால்தான் அலமாரி நிரம்புகிறது. வீட்டில் என்ன குறை இருக்கிறது என்று முதலில் பார்த்து, அதற்கு எது பொருந்தும் என்று தேட வேண்டும். பத்து ஜாடி தேவை என்றால் பத்தை வைத்துக்கொண்டு மற்றதை மறுசுழற்சிக்கு இன்றே கொடுத்துவிடுங்கள். ஒரே அளவு ஜாடிகளாக வைத்துக்கொண்டால் மூடி மாற்றிப் போடலாம், அடுக்கவும் சுலபம். கலப்பாக இருபது இருந்தால் இடம்தான் போகும்.

எனக்கு ஆணி, திருகாணி எல்லாம் சிதறிக் கிடப்பதுதான் தொல்லை. அதற்கு ஜாடி மூடிகளை அலமாரிப் பலகையின் அடிப்பக்கத்தில் திருகாணி போட்டு இறுக்கி, ஜாடியைக் கீழேயிருந்து திருகி மாட்டி வைத்திருக்கிறேன். உள்ளே இருப்பது வெளியே தெரியும், மேசையில் ஒரு அங்குல இடம்கூடப் பிடிக்காது. கண்டிப்பாக ஒரு மூடிக்கு இரண்டு திருகாணி போடுங்கள், ஒன்று மட்டும் போட்டால் ஜாடியைத் திறக்கும்போது மூடியும் கூடவே சுற்றும்.

திறக்கக் கஷ்டப்படும் மர டிராயரின் ஓரத்தில் தீர்ந்துபோன மெழுகுவர்த்தித் துண்டைத் தேயுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். சிக்கிக்கொள்ளும் ஜிப்பிலும் அதே வேலை. பூட்டுக்கு மட்டும் எண்ணெயோ மெழுகோ வேண்டாம், தூசியைப் பிடித்து அடைத்துவிடும், பென்சில் முனையைச் சாவியில் தேய்த்து நாலைந்து முறை போட்டு எடுங்கள், அதில் இருக்கும் கிராஃபைட் போதும். பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டினால் கெட்டியான ரப்பர் பேண்ட் கிடைக்கும், வெயிலில் வைக்காவிட்டால் சீக்கிரம் விரிசல் விடாது.

தாழ்வாரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, மிகவும் உதவியாக இருந்தது. தேவையை முதலில் பார்க்கச் சொன்னது மனதில் பதிந்துவிட்டது, இந்த வாரமே ஜாடிகளைப் பிரிக்கப் போகிறேன். இரண்டு சந்தேகம் மட்டும் பாக்கி. லேபிள் ஒட்டியிருந்த பசை எதற்கும் போகமாட்டேன் என்கிறது, மூடியில் பழைய வாசனையும் போகவில்லை. அப்புறம் ஊசிநூல் அக்கா, நடுவில் இற்றுப்போன விரிப்பை என்ன செய்வது? வெட்டித் துடைக்கப் போட மனசு வரவில்லை, ஓரமெல்லாம் நன்றாகவே இருக்கிறது.

வேதிக்கூடம் எழுதியது:

வெந்நீரில் ஊற வைத்துக் காகிதத்தை உரித்துவிடுங்கள், மிஞ்சுகிற பசை தண்ணீரில் கரையாத வகை, அதனால்தான் அடம் பிடிக்கிறது. ஏதாவது ஒரு எண்ணெயைத் தடவிச் சற்று நேரம் விட்டு, சமையல் சோடாவை மேலே தூவித் தேய்த்தால் உருண்டு வந்துவிடும், அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்பு. மூடியின் உள்ளே இருக்கும் மெல்லிய அடுக்குதான் வாசனையைப் பிடித்து வைக்கிறது. ஜாடிக்குள் சமையல் சோடா போட்டு மூடி சில நாள் வைத்துப் பாருங்கள், அதற்கும் போகவில்லை என்றால் அந்த மூடியை ஆணி ஜாடிக்குக் கொடுத்துவிடுங்கள். சாதாரண ஜாடியில் திடீரென்று கொதிநீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி வெடித்துவிடும்.

ஊசிநூல் எழுதியது:

தாழ்வாரம், அந்த விரிப்பை வெட்டித் துடைக்கப் போடாதீர்கள், அதற்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. நீளவாக்கில் நடுவில் சரியாக வெட்டி, இரண்டு வெளி ஓரங்களையும் உள்ளே கொண்டு வந்து ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தையுங்கள். நல்ல பகுதி நடுவுக்கு வந்துவிடும், இற்ற பகுதி இரண்டு பக்கமும் தொங்கும் இடத்துக்குப் போய்விடும், அங்கே யாரும் படுப்பதில்லை. வெளி ஓரத்தில் நெசவுக் கரை இருந்தால் நூல் பிரியாது, அதனால் ஒன்றின் மேல் ஒன்றைச் சற்று ஏற்றி வைத்துத் தட்டையாகத் தைத்தாலே போதும், முதுகில் உறுத்தாது. வெட்டின பக்கம் மட்டும் இரண்டு முறை மடித்துத் தைக்க வேண்டும். தைப்பதற்கு முன் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஓரங்களிலும் சல்லடை போல வெளிச்சம் தெரிந்தால் உழைப்பு வீண், அப்போது நன்றாக இருக்கிற பகுதியை மட்டும் வெட்டித் தலையணை உறை தைத்துவிடுங்கள்.