கடலே இல்லாத மாவட்டத்திலிருந்து தீவுக்கு ஃபீல்டுவொர்க்: போய் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

பாலக்கோட்டுத் தக்காளி:

எல்லோருக்கும் வணக்கம். தர்மபுரியில் எம்.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் வருடம் படிக்கிறேன். ஜனவரியில் ஆரம்பித்து ஏப்ரலுக்குள் புராஜெக்ட் முடிக்க வேண்டும். கூடப் படிப்பவர்கள் பட்டுப்புழு, ஏரித் தண்ணீர், கோழிப்பண்ணை என்று தலைப்பு வாங்கிவிட்டார்கள், நான் மட்டும் கடல் கடல் என்று நின்றுகொண்டிருக்கிறேன். எங்கள் துறை மியூசியத்தில் ஃபார்மலின் பாட்டிலில் ஒரு கடல்குதிரை இருக்கிறது, லேபிளில் மை மங்கிப்போய் 'மண்டபம்' என்ற ஒரு வார்த்தைதான் படிக்க முடியும். அந்த அலமாரியைத் துடைக்கும் வேலை வெகு நாளாக என் தலையில். காரணம் அவ்வளவுதான், சிரிக்காதீர்கள்.

கைடிடம் மன்னார் வளைகுடாத் தீவுகள் என்றேன். "பவளப்பாறையை எண்ணிவிட்டு வராதே, அதை நம்பிப் பிழைக்கிற ஜனங்களோடு சேர்த்து ஏதாவது செய்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, எங்கே இருந்து தொடங்குவது என்றுதான் புரியவில்லை. 21 தீவு இருக்கிறதே, எந்தத் தீவில் தங்கலாம்? அனுமதி யாரிடம் கேட்பது? நான் நீச்சல் பழகியது எங்கள் தோட்டத்துக் கிணற்றில், அது கடலுக்கு ஆகுமா? வீட்டிலும் பயப்படுகிறார்கள். லட்சத்தீவு, அந்தமான் என்று வேறு வழி இருந்தாலும் சொல்லுங்கள், ஆனால் கையில் பெரிய பணம் இல்லை.

ஓசூர் நைட் ஷிஃப்ட்:

தம்பி, முதலில் ஒன்று. அந்த 21 தீவில் எதிலும் ஆள் குடியிருப்பு கிடையாது. 1986-ல் தேசியப் பூங்கா ஆக்கிவிட்டார்கள், வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைத்தாலே கேஸ். ஆராய்ச்சிக்கென்று போவதானால் சென்னையில் இருக்கும் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி வேண்டும், துறைத் தலைவர் கையெழுத்தோடு இன்றைக்கே அனுப்பினாலும் ஜனவரிக்குள் வரும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதே. இப்போது 21 கூட முழுசாக இல்லை, பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்த காலத்துக் கூலி அது.

ஜனங்களைப் பார்க்க வேண்டுமென்றால் பாம்பன் தீவு இருக்கிறதே, அதாவது ராமேஸ்வரம். கோயிலுக்கு வருகிறவர்களுக்கு அது தீவு என்பதே ஞாபகம் இருக்காது. எனக்குச் சொந்த ஊர் தங்கச்சிமடம், ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்து 9 வருடம் ஆகிறது, உங்கள் ஊர்க் களியும் பழகிவிட்டது. அங்கே ஊருக்குள் போய்ப் பேசப் பூங்கா அனுமதி எதுவும் தேவையில்லை. கல்லூரிக் கடிதம் ஒன்று கையில் வைத்துக்கொண்டு ஊர்த் தலைவரைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தால் போதும்.

என் சித்தி கடல்பாசி எடுக்கப் போகிறவர். காலையில் வத்தையில், அதாவது சின்னப் படகில், ஏறினால் ஏழெட்டுப் பேர் ஒன்றாகத்தான் போவார்கள். பத்து விரலிலும் பழைய புடவைக் கிழிசலைச் சுற்றி நூலால் கட்டிக்கொள்வார், இல்லாவிட்டால் பாறை கிழித்துவிடும். முகத்தில் கண்ணாடி, காலில் ரப்பர் செருப்பு, சில பேர் தகரத் தட்டை வெட்டிக் காலில் கட்டியிருப்பார்கள், அதுதான் அவர்களுக்குத் துடுப்பு. இடுப்பில் வலைப்பை. மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் கிள்ளி எடுப்பார்கள். அதைக் காயவைத்துக் கொடுத்தால் மதுரைப் பக்கம் அகார் செய்யப் போகும், ஐஸ்கிரீமிலும் உங்கள் லேபிலும் இருக்கிறதே அந்த அகார்தான். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதத்துக்கு அவ்வளவுதான் போவது என்று பெண்களே பேசி வைத்துக்கொண்டது. சுரண்டும் கருவியும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள், அடிப்பகுதி இருந்தால்தானே மறுபடி முளைக்கும். 2015-ல் எங்கள் பக்கத்துச் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண் ஒருவருக்கு அமெரிக்காவில் சீகாலஜி விருது, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தருவது, கொடுத்தார்கள். இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் 'விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட்டது' என்று ரிப்போர்ட்டில் எழுதுகிற ஆட்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கடல் அட்டை, கடலடியில் ஊர்கிற உயிரினம், அதைப் பற்றி நீயாக வாயைத் திறக்காதே. 2001-ல் அதைத் தடை செய்தார்கள், அதற்கு முன்னால் அதுவே எத்தனையோ வீட்டில் சோறு. அக்கரையில் இலங்கைக்காரன் பண்ணை வைத்து வளர்த்து ஏற்றுமதி பண்ணுகிறான், இங்கே கையில் எடுத்தால் ஜெயில். அதைக் கேட்கிறவன் ஒன்று வனத்துறை ஆள் இல்லை வியாபாரி என்றுதான் நினைப்பார்கள், அப்புறம் உனக்கு டீ கூடக் கிடைக்காது.

காவேரிப்பட்டணத்து மாங்கொட்டை:

பேரில் பட்டணம் இருக்கிறது, கடல்தான் 200 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். நானும் உன்னைப் போல்தான் கிளம்பினேன், லட்சத்தீவுக்கு, அகத்தியில் இரண்டு மாதம்.

பணம் இல்லை என்றால் அதை இப்போதைக்கு விட்டுவிடு. 36 தீவில் 10-ல்தான் மக்கள் இருக்கிறார்கள், உள்ளே போகவே பெர்மிட் வேண்டும், அதற்குப் போலீஸ் சான்று, உள்ளூர் ஆள் ஒருவரின் பொறுப்பு, அப்புறம் கொச்சியில் கப்பல் டிக்கெட்டுக்குக் காத்துக்கிடப்பது. எனக்கு ஆறு நாள் கொச்சியிலேயே போனது. நம்ம ஊரில் தெலுங்கும் கன்னடமும் காதில் விழுந்தே வளர்ந்ததால் மலையாளம் வந்துவிடும் என்று ஒரு திமிர் இருந்தது. அவர்கள் பேசுவது ஜெசரி என்ற வேறு மாதிரி மலையாளம், முதல் வாரம் தலையை ஆட்டியதோடு சரி.

ஆனால் ஒரு விஷயம் அங்கேதான் மண்டையில் ஏறியது. அவர்கள் சூரை மீன் பிடிப்பது வலையில் இல்லை, கம்பும் தூண்டிலும். முதலில் தீவுக்கு உள்பக்கம் ஆழமில்லாத தண்ணீரில் பவளப்பாறை ஓரம் சின்ன மீனை உயிரோடு பிடித்துப் படகுத் தொட்டியில் விட்டுக்கொள்வார்கள். வெளிக்கடலில் சூரைக் கூட்டத்தைப் பார்த்ததும் அந்தச் சின்ன மீனை வாரி இறைத்து, மேலே தண்ணீரையும் தெளிப்பார்கள், கீழே இருக்கிற சூரைக்கு மீன் கூட்டம் துள்ளுவது போல் தெரியும். முள் இல்லாத தூண்டில், இழுத்த வேகத்தில் மீன் தானே கழன்று தளத்தில் வந்து விழும். இதில் பிடி எங்கே என்றால், உள்ளே பவளம் செத்தால் சின்ன மீன் இல்லை, சின்ன மீன் இல்லாவிட்டால் வெளியே ஆயிரம் சூரை ஓடினாலும் படகு சும்மாதான் நிற்கும். 1998, 2010, 2016 என்று கடல் சூடேறிப் பவளம் வெளுத்த வருடங்களை அங்கே பெரியவர்கள் நாம் பஞ்சத்தைச் சொல்வது போல் சொல்வார்கள். தக்ஷின் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு மீனவர்களிடமே நோட்டுக் கொடுத்து அன்றன்றைய பிடிப்பை எழுதி வைக்கச் செய்கிறது. நோட்டு மீனவர் வீட்டிலேயே இருக்கும், அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

என் அசிங்கத்தையும் சொல்கிறேன். 42 கேள்வி அச்சடித்துக்கொண்டு போனேன். ஏழாவது கேள்வி மாத வருமானம். ஒரு உம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "உங்கப்பாவுக்கு எவ்வளவு?" என்று கேட்டார். மாங்கூழ் ஃபேக்டரியில் சீசனுக்குச் சீசன் சம்பளம் மாறும், எனக்கே சரியாகத் தெரியாது என்றேன். "இங்கேயும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுத் தேங்காயைத் துருவப் போய்விட்டார். அன்றோடு அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன். நீ ஒரு காரியம் செய், போகும்போது வீட்டில் அரைத்த கேழ்வரகு மாவு இரண்டு கிலோ எடுத்துக்கொண்டு போ. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பென்னாகரம் பரிசல்:

எல்லோரும் சேர்ந்து பிள்ளையைக் கடலுக்கே தள்ளுகிறீர்கள். நம் மாவட்டத்தில் மீனவர் இல்லையா என்ன? ஒட்டனூர், நாகமரைப் பக்கம் மேட்டூர் அணைத் தண்ணீரில் பரிசல் போட்டு வலை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் ஏறினால் ஒரு பிழைப்பு, இறங்கினால் வேறு பிழைப்பு, இறங்கின இடத்தில் கம்பு விதைப்பார்கள். நீர்நாய் வந்து வலையைக் கிழித்துவிட்டுப் போகும், அதைத் திட்டவும் செய்வார்கள், குட்டியோடு பார்த்தால் நின்று வேடிக்கையும் பார்ப்பார்கள். 2022-ல் காவேரி தெற்கு வன உயிரின சரணாலயம் அறிவித்தார்களே, 686 சதுர கிலோமீட்டர், கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டமும் சேர்த்து. பாதுகாப்பு ஒரு பக்கம், பிழைப்பு ஒரு பக்கம் என்று நீ தேடிப்போகிற அதே பஞ்சாயத்துதான் ஒகேனக்கல் பக்கமும் நடக்கிறது. டவுன் பஸ்ஸில் போய்விட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம்.

பாலக்கோட்டுத் தக்காளி:

அனைவருக்கும் நன்றி. ஓசூர் அண்ணா, தம்பி இல்லை, தங்கச்சி.

பரிசல் அண்ணா, நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் கடல்குதிரை பாட்டில் என்னை விடாது. வேண்டுமானால் இப்படிச் செய்கிறேன், டிசம்பர் லீவில் பத்து நாள் ஒட்டனூர் போய்ப் பரிசலில் உட்கார்ந்து பழகிக்கொள்கிறேன், கேள்வி கேட்காமல் இருப்பதற்கும் ஒரு பயிற்சி ஆகட்டும். யாராவது தெரிந்தவர் இருந்தால் தனிச் செய்தியில் சொல்லுங்கள்.

தலைப்பு கொஞ்சம் தெளிந்திருக்கிறது. கப்பா பாசி வளர்ப்பைப் பற்றிப் படித்தேன், வெளிநாட்டுப் பாசி, மூங்கில் சட்டத்தில் கட்டி வளர்க்கிறார்கள், நல்ல வருமானம் என்கிறார்கள், ஆனால் அது அந்த 21-ல் ஒன்றான குருசடைத் தீவில் பவளத்தின் மேல் படர்ந்துவிட்டது என்று 2008-லேயே ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இயற்கைப் பாசி எடுக்கும் பெண்களும் கப்பா வளர்க்கும் பெண்களும் கடலை எப்படிப் பார்க்கிறார்கள் என்று எடுத்தால் சரியாக வருமா? நான்கு மாதத்தில் முடியுமா? திரும்பும்போது சாம்பிள் ஏதாவது கொண்டு வரச் சொல்கிறார்கள் மியூசியத்துக்கு, அதற்கு என்ன செய்ய?

காவேரிப்பட்டணத்து மாங்கொட்டை:

சாம்பிள் எதுவும் வேண்டவே வேண்டாம். கடல்குதிரை, பவளம் எல்லாம் 2001-லேயே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கிற அதே அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். கரையில் ஒதுங்கிக் கிடக்கிற செத்த பவளத் துண்டாக இருந்தாலும் எடுக்காதே. உங்கள் பாட்டில் எந்தக் காலத்திலோ வந்தது, அதோடு போகட்டும். மியூசியத்துக்கு வேண்டுமானால் காய்ந்த பாசி ஒரு கைப்பிடி அந்தப் பெண்களிடமே காசு கொடுத்து வாங்கி, பேரை அவர்கள் சொல்கிறபடி தமிழில் எழுதி ஒட்டு.

தலைப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் இரண்டு கூட்டமும் தனித்தனி ஆட்கள் என்று எழுதி வைத்துக்கொண்டு போகாதே. ஒரே வீட்டில் இரண்டும் நடக்கலாம்.

ஓசூர் நைட் ஷிஃப்ட்:

தங்கச்சி என்று சொல்லாதது என் தப்பு, ஊர்ப் பேரிலேயே வைத்துக்கொண்டு.

மாங்கொட்டை சொன்னது சரி, என் சித்தி மகளே கப்பாவும் கட்டினாள், அமாவாசைக்கு அம்மாவோடு வத்தையிலும் ஏறுவாள். காலம் உனக்குத் தோதாகத்தான் இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் வாடை ஓய்ந்து தென்கடல் அமைதியாக இருக்கும், ஏப்ரலுக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பிவிட்டால் தண்ணீர் கலங்கிக் கீழே பாசியே தெரியாது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம், அந்தச் சமயத்தில் பாசிக்கும் போக மாட்டார்கள். ஆகவே காலேஜ் காலண்டரைப் பார்க்காதே, பஞ்சாங்கத்தைப் பார். அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னாடி போய் இறங்கு. அவர்கள் கடலுக்குப் போகாத நாளில்தான் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும், போகிற நாளில் நீ கரையில் பாசி காயப்போட ஒத்தாசை செய்தால் போதும்.

கிணற்று நீச்சல் மிதக்கத் தெரிந்த வரைக்கும் சரி, உப்புத்தண்ணீர் தூக்கிக் கொடுக்கும். ஆனால் கிணற்றில் தண்ணீர் உன்னை இழுத்துக்கொண்டு போகாது, கடலில் நீரோட்டம் இழுக்கும். முதல் மாதம் இடுப்பளவுக்கு மேல் வேண்டாம், லைஃப் ஜாக்கெட் இல்லாமல் வத்தையில் ஏறாதே, யார் சிரித்தாலும்.

வீட்டில் பயந்தால் அப்பாவையும் ஒரு தடவை கூட்டிக்கொண்டு வா. சேலம், மதுரை, ராமநாதபுரம் மாறிப் போக வேண்டும், ராத்திரி பஸ் ஏறினால் மறுநாள் மத்தியானத்துக்குள் பாம்பன். சித்தி வீட்டில் பேசிவிட்டேன், பின்பக்க அறை சும்மாதான் இருக்கிறது, வாடகை வேண்டாம் என்கிறார், நீ எப்படியாவது கொடுத்துவிடு. கேழ்வரகு மாவு என்றதும் எத்தனை கிலோ என்று கேட்டார்.

பென்னாகரம் பரிசல்:

ஒட்டனூரில் என் மாமா இருக்கிறார், தனிச் செய்தி அனுப்பியிருக்கிறேன். விடியற்காலம் நாலு மணிக்கு வலை எடுக்கப் போவார், அதற்குப் பிறகு வந்தால் ஆள் கிடைக்க மாட்டார்.