ஸ்வீஃபாகர் நடனத்தை ஒரே பருவத்தில் கற்றுக்கொள்ள இயலுமா?

கேள்வி
வணக்கம். கோடைப் பருவத்துக்காக ஜெர்மனியின் ரேகன்ஸ்பூர்க் பல்கலைக்கழகத்துக்குப் பரிமாற்ற மாணவனாக வந்திருக்கிறேன். ஜூலையோடு வகுப்புகள் முடிந்துவிடும். சென்ற வாரம் பக்கத்து ஊரில் 'ஸ்வீஃபாகர்' என்னும் இணைநடனத்தைப் பார்த்ததிலிருந்து அதைக் கற்காமல் ஊர் திரும்பக் கூடாது என்று தோன்றுகிறது. ஆனால் வால்ட்ஸ் நடை காலுக்குப் பிடிபடும்போதே தாளம் மாறிவிடுகிறது. உடலைத் தட்டி ஆடும் ஷூப்ளாட்லர் நடனமும் கற்க விருப்பம். விடுதி நண்பர்களோ நாட்டுப்பாடல் என்றாலே தயங்குகிறார்கள். எங்கிருந்து தொடங்கலாம்?

மறுமொழி 1
முதலில் பாட்டைக் கற்றுக்கொள்ளுங்கள். ஸ்வீஃபாகரில் மூன்றடி வால்ட்ஸும் இரண்டடிச் சுழல்நடையான 'ட்ரேயரும்' மாறி மாறி வரும். அடியின் வேகம் மட்டும் மாறாது. எளிய மெட்டுகளில் இது 'தகிட தகிட தக தக' என்று அமையும் என்பதால், கொன்னக்கோல் கேட்டு வளர்ந்தவர்களுக்கு உள்ளூர் மாணவர்களைவிடவும் விரைவில் பிடிபடக்கூடும். கடினமான மெட்டுகளில் இந்த வரிசை ஒழுங்கின்றி மாறும். எந்த மெட்டு என்று தெரியாமல் ஆட முடியாது. பல மெட்டுகளுக்குச் சொற்களும் இருப்பதால், பாட்டு மனத்தில் நின்றால் அடுத்த அடி தானே வரும். ஒரு சிக்கல், அவை வட்டார வழக்கில் இருக்கும்: 'நல்ல' என்னும் பொருளில் பாடநூலில் 'கூட்' என்று படித்த சொல், ரேகன்ஸ்பூர்க் அடங்கிய ஓபர்ஃபால்ஸ் வட்டாரத்தின் கிராமங்களில் 'கோவுட்' என்று ஒலிக்கும். ஆகவே அச்சிட்ட வரிகளைப் பார்த்துப் படிப்பதைவிட, ஒரு முதியவர் அருகில் அமர்ந்து கேட்டுப் பாடுவதே நல்லது. இந்நடனம் 2016இல் ஜெர்மனியின் தேசிய மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

மறுமொழி 2
நண்பர்களின் தயக்கத்தை அலட்சியமாக எண்ண வேண்டாம். 1933 முதல் 1945 வரை நாஜிகள் நாட்டுப்பாடல்களைத் தங்கள் இளைஞர் அமைப்புகளில் பிரசாரத்துக்குப் பயன்படுத்தினார்கள். போருக்குப் பிறகு பலருக்கு அப்பாடல்களை வாய்விட்டுப் பாடவே கூச்சம் உண்டாயிற்று. ஒடுக்கப்பட்டோரின் எதிர்ப்புப் பாடல்களும் அதே மரபில் உண்டு என்பதைக் காட்ட, நாட்டுப்பாடல் ஆய்வாளர் வோல்ஃப்காங் ஷ்டைனிட்ஸ் 1954இலும் 1962இலும் இரு தொகுதிகளை வெளியிட்டார். அவற்றைப் பற்றிக் கேட்டுப் பேச்சைத் தொடங்கினால் நண்பர்கள் மனம் திறப்பார்கள் என்று நம்புகிறேன்.

மறுமொழி 3
ஷூப்ளாட்லரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். தொடையிலும் முழங்காலிலும் காலணியின் அடியிலும் தாளத்தோடு தட்டி ஆடும் அதை, மரபு உடைகளைப் போற்றும் சங்கங்களில் பலர் சிறுவயது முதலே பழகுகிறார்கள். மூன்று மாதத்தில் அரைகுறையாகத்தான் வரும். இணைநடனங்களிலேயே கவனம் செலுத்தினால், ஜூலை மூன்றாம் ஞாயிறன்று மியூனிக்கின் ஆங்கிலப் பூங்காவில் விடியற்காலை ஆறு மணிக்குத் தொடங்கும் கோஹர்ல்பாலில் நீங்களும் ஆடலாம். 19ஆம் நூற்றாண்டில் சமையற்காரர்களும் பணிப்பெண்களும் வேலை தொடங்குமுன் கூடி ஆடிய நடனம் அது, 1989இல் மீட்டெடுக்கப்பட்டது. காலணியின் ரப்பர் அடிப்பாகம் தரையைப் பற்றிக்கொள்வதால் சுழலும்போது முழங்கால் வலிக்கும். வழுக்கும் தோல் அடிப்பாகமுள்ள காலணி ஒன்றை இப்போதே வாங்கிவிடுங்கள்.