'அத்தியாவசிய எண்ணெய்' என்பது அம்மம்மாவின் தைலம்தானா?

வாவிக்கரை மகள் (களுவாஞ்சிக்குடி) கேட்டது:

சென்ற மாதம் மட்டக்களப்பு நகரில் ஒரு கடையில் கறுவாப்பட்டை எண்ணெய் என்று பத்து மில்லிலீற்றர் கொண்ட சிறு போத்தலொன்றை வாங்கினேன். அதன் லேபலில் 'அத்தியாவசிய எண்ணெய்' என்றும், அதற்குக் கீழே 'பண்டைத் தமிழர் பயன்படுத்திய தைலம்' என்றும் அச்சிட்டிருந்தார்கள். மூட்டுவலிக்கு அம்மம்மா காய்ச்சித் தரும் தைலத்தை உள்ளங்கை நிறைய ஊற்றித் தேய்த்துப் பழகியவள் என்பதால், இதையும் அப்படியே எண்ணி, மணிக்கட்டில் நாலைந்து துளி விட்டுத் தேய்த்தேன். சிறிது நேரத்தில் பச்சை மிளகாய் அரைத்த கையைப் போல எரியத் தொடங்கி, தோல் சிவந்து தடித்துவிட்டது. தண்ணீரில் எத்தனை முறை கழுவியும் எரிவு தணியவில்லை.

அம்மம்மா காய்ச்சிய எந்த எண்ணெயும் இப்படி எரித்ததில்லை. நல்லெண்ணெயில் இலைச்சாறு விட்டுக் காய்ச்சுவார். தடிமன் பிடித்தால் நொச்சியிலை அவித்து, போர்வைக்குள் வேது பிடிக்க வைப்பார். அப்படியானால் இந்தச் சிறு போத்தல் எண்ணெய்கள் எங்கிருந்து வந்தவை? நம் முன்னோர் இவற்றை உண்மையில் அறிந்திருந்தார்களா, அல்லது விற்பனைக்காக ஒட்டிய பெயரா? 'அத்தியாவசியம்' என்றால் எதற்கு அத்தியாவசியம்?

பழைய வாத்தியார் (கல்லடி) எழுதியது:

மகள், கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. ஐரோப்பிய இரசவாதிகள் ஒரு பொருளின் உயிர்ச்சத்தை 'ஐந்தாம் சாரம்' என்றார்கள். பாரசெல்சஸ் (1493–1541) போன்றோர் அந்தச் சொல்லைப் பரப்பினார்கள். 'எசென்ஷல் ஒயில்' என்பதில் உள்ளது அந்தச் சாரம். அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்துப் போட்டவர்கள் அதை 'அத்தியாவசியம்' ஆக்கிவிட்டார்கள். அரிசிக்கும் பருப்புக்கும் பொருந்தும் சொல் அது. சார எண்ணெய் என்றோ ஆவியாகும் எண்ணெய் என்றோ சொல்வதே சரி.

உங்கள் அம்மம்மாவின் தைலம் வேறு வகையைச் சேர்ந்தது. அங்கே நல்லெண்ணெய்தான் உடம்பு. மூலிகைச் சத்து அதில் இறங்குகிறது. நீர் முழுவதும் வற்றிவிட்டதா என்று அறிய, திரியொன்றைத் தோய்த்துக் கொளுத்திப் பார்ப்பார்கள். சடசடவென்று வெடித்தால் இன்னும் காய்ச்ச வேண்டும். சார எண்ணெய்க்கு இப்படி ஓர் உடம்பு இல்லை. இலையிலும் பட்டையிலும் உள்ள மணப்பொருளைக் கொதிநீராவி தூக்கிச் செல்ல, அந்த ஆவியைக் குளிர்வித்து, நீரையும் எண்ணெயையும் பிரித்தெடுக்கிறார்கள். கறுவா இலையில் நூறு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ எண்ணெய்தான் தேறும் என்றால், நீங்கள் விட்ட நாலைந்து துளி எவ்வளவு செறிவானது என்று எண்ணிப் பாருங்கள்.

நம்மவர்களுக்குக் காய்ச்சி வடிக்கத் தெரியாது என்று இதற்குப் பொருளல்ல. சித்த மருத்துவத்தில் வடிகலனுக்கு வாலை என்றே பெயர் உண்டு. அதில் இறக்குவது தீநீர். ஓமத் தீநீரைக் குழந்தைகளின் வயிற்றுப் பொருமலுக்குக் கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் நாடியது பெரும்பாலும் மணம் ஏறிய நீரையே. இது நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் அரபு அறிஞர் அல்-கிந்தி வாசனைப் பொருட்களை வடிக்கும் முறைகளை எழுதினார். 1500இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் அச்சான, புருன்ஷ்விக் என்ற மருத்துவர் எழுதிய வடித்தல் நூலும் முதன்மையாக மூலிகை நீர்களைப் பற்றியதுதான். எண்ணெயை நீரிலிருந்து பிரித்துத் தனிச் சரக்காக விற்பது பிறகு பெருகிய வணிகம். என்னைக் கேட்டால், நொச்சி வேதும் காய்ச்சி வடிப்பின் பாதிதான்: அதே நீராவி, அதே எண்ணெய், குளிர்விக்கும் குழாய் மட்டும் இல்லை. போர்வைக்குள் உங்கள் மூக்குக்கு வந்ததையே இவர்கள் போத்தலில் அடைக்கிறார்கள்.

கறுவாவைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது நம் தீவின் மரம். ஒரே மரத்தில் பட்டை எண்ணெயில் சின்னமல்டிகைட் என்ற மணப்பொருளும், இலை எண்ணெயில் கராம்பில் உள்ள அதே இயூஜினோல் என்ற மணப்பொருளும், வேர்ப்பட்டை எண்ணெயில் கற்பூரமும் மேலோங்கி நிற்கின்றன. ஒல்லாந்தர் காலத்தில் ஏற்றுமதிக்கு உதவாத உடைந்த பட்டைத் துண்டுகளிலிருந்து எண்ணெய் வடித்தார்கள். பல ஆண்டுகளுக்கு முன் காலிப் பக்கம் இலை எண்ணெய் வடிக்கும் கொட்டிலொன்றைப் பார்த்தேன். பாற்போல் கலங்கிய நீர் குழாயிலிருந்து இறங்கிக்கொண்டிருக்க, எண்ணெய் கலனின் அடியில் பழுப்பு நிறத்தில் தேங்கியது. எண்ணெய் மிதக்கும் என்று நாற்பது பிள்ளைகளுக்குப் படிப்பித்துவிட்டு வந்தவன் அங்கே சற்று நேரம் வாயடைத்து நின்றேன். கறுவா, கராம்பு எண்ணெய்கள் நீரைவிடக் கனமானவை. தெற்கே விளையும் பெங்கிரிப் புல்லின் எண்ணெய், அதாவது சிற்றொனெல்லா, வழக்கம்போல மிதக்கும்.

அத்தர் பெட்டி (காத்தான்குடி) எழுதியது:

வாத்தியார் எழுதியதோடு அத்தரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் வாப்பா வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் புறப்படுமுன் பஞ்சுத் துண்டில் ஒரு பொட்டு அத்தர் தொட்டுக் காது மடலில் செருகிக்கொள்வார். மரபான அத்தரில் மதுசாரம் இல்லை. இந்தியாவின் கன்னோசி நகரில் 'தேக்' எனப்படும் செம்புப் பானையில் பூவையும் நீரையும் இட்டு மூடிக் களிமண்ணால் பூசி, மூங்கில் குழாய் வழியே வரும் ஆவியைச் சந்தன எண்ணெய் உள்ள 'பப்கா' என்ற கலனுக்குள் இறக்குகிறார்கள். பூவின் மணத்தைச் சந்தனம் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே அத்தர், தைலத்துக்கும் சார எண்ணெய்க்கும் நடுவில் நிற்பது என்பது என் கருத்து.

வாங்குவோருக்கு ஒன்று: ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு மூவாயிரம் கிலோவுக்கு மேல் இதழ் வேண்டும். மல்லிகையை நீராவியில் வடித்தால் அதன் மணம் கெட்டுவிடும் என்பதால், அதைக் கொழுப்பிலோ கரைப்பானிலோதான் எடுப்பார்கள். சில நூறு ரூபாய்க்கு 'தூய ரோஜா', 'தூய மல்லிகை' என்று எவரேனும் நீட்டினால் முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வாவிக்கரை மகள்:

ஐயாவுக்கும் சகோதரருக்கும் மிக்க நன்றி. இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். அக்காவின் ஆறு மாதக் குழந்தைக்குச் சளி. யூக்கலிப்டஸ் எண்ணெயும் கற்பூரமும் நெஞ்சில் தடவச் சொல்லி அயலில் ஒருவர் சொல்கிறார். தடவலாமா?

சரக்குக்கட்டு (அக்கரைப்பற்று) எழுதியது:

வேண்டாம், சகோதரி. நான் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படித்தவள். இந்தத் துறையில் இருந்துகொண்டே சொல்கிறேன். கற்பூரம் கைக்குழந்தைகளுக்கு வலிப்பை வரவழைக்கக்கூடியது. யூக்கலிப்டஸ் எண்ணெயும் அவர்களின் மூச்சைப் பாதிக்கலாம். குழந்தையை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். போத்தல்களை எட்டாத உயரத்தில் வையுங்கள், ஏனெனில் சிறிதளவு விழுங்கினாலும் ஆபத்து.

இவை எத்தனை வீரியமானவை என்பதை நேரில் காண விரும்பினால், ஓம உப்பு (தைமோல்), புதினா உப்பு (மென்தோல்), பச்சைக் கற்பூரம் மூன்றையும் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் சேர்த்துப் பாருங்கள். மூன்றும் உலர்ந்த பளிங்குகள். ஒரு சொட்டு நீர் விடாமலே சில நிமிடங்களில் கசிந்து உருகித் திரவமாகிவிடும். அந்தத் திரவத்தைத்தான் சிலர் தலைவலிக்கு நெற்றியில் தொட்டு வைப்பார்கள், அதுவும் ஊசிமுனையளவு.

பெரியவர்கள் சார எண்ணெயைத் தோலில் பூசுவதானால், ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய்க்கு ஒரு துளி போதும். கறுவாப்பட்டை எண்ணெயை அப்படியும் தோலில் வைக்காதீர்கள். உங்கள் எரிவு தண்ணீரில் தணியாததற்குக் காரணம், அது நீரில் கரையாதது. முதலில் தேங்காயெண்ணெயால் துடைத்து, அதன் பிறகே சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

வாவிக்கரை மகள்:

அக்காவிடம் சொல்லிவிட்டேன், நாளை காலை குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள். வாத்தியார் ஐயா சொன்னதைப் படித்த பின், கண்ணாடிக் குவளையில் தண்ணீர் எடுத்து, அந்தப் போத்தலிலிருந்து ஒரு துளி விட்டுப் பார்த்தேன். சிறிது நேரம் மேலே தயங்கி நின்றது. ஈர்க்கால் மெல்லத் தொட்டதும் கீழே இறங்கி, அடியில் மஞ்சள் மணியாக உட்கார்ந்துகொண்டது. அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.