அப்பீல் போட்டாச்சு, ஆனா ஈடி (இந்திய அமலாக்கத்துறை) வீட்டைக் காலி பண்ணச் சொல்லுது, நிறுத்த முடியுமா?

பட்டர்வொர்த்காரன்:
வணக்கம். தேவகோட்டையில அம்மா, மாமா ரெண்டு பேர் பேர்லயும் ஒரு வீடு இருக்கு, 2004ல அப்பா இபிஎஃப் காசை எடுத்து அனுப்பி வாங்குனது. இப்ப மாமா பிசினஸ் பார்ட்னர் மேல கேஸு, மாமாவையும் இழுத்துட்டாங்க, ஈடி வீட்டை அட்டாச் பண்ணி, அதாவது முடக்கி வச்சு, அது சரியான்னு பாக்கற டெல்லி அத்தாரிட்டியும் போன மாசம் உறுதி பண்ணிருச்சு. ஊர் லாயர் அப்பீல் போட்டாச்சு பயப்படாதீங்கங்கறாரு, ஆனா பத்து நாள்ல காலி பண்ணுன்னு கதவுல நோட்டீஸ் ஒட்டிட்டுப் போய்ட்டாங்க. பாட்டி தனியா அங்கதான் இருக்காங்க. என்னா செய்றது?

செந்தூல்வாசி:
நம்ம மலேசியாவோட அம்லா, அதான் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்துல செக்‌ஷன் 61 இருக்கு லா, சம்பந்தமில்லாத மூணாவது ஆள் கோர்ட்டுல உரிமை கேக்கலாம். ட்ரை பண்ணுங்க.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:
தம்பி அது மலேசியா சட்டம், வீடு இந்தியாவுல இருக்கு, அங்க அதே மாதிரி இருக்கற 2002 பிஎம்எல்ஏ சட்டம்தான் பேசும். அப்பீல் போட்டா மட்டும் எதுவும் நிக்காது, அப்பீலை விசாரிக்கற டெல்லி ட்ரிப்யூனல்ல தனியா ஸ்டே (இடைக்காலத் தடை) மனு போடணும், அதைப் போட்டாரான்னு முதல்ல கேளுங்க. அட்டாச்மெண்ட் உறுதியானா செக்‌ஷன் 8(4)ல வீட்டைக் கையில எடுக்கலாம், 10 நாள் நோட்டீஸ் 2013 விதிப்படி வர்றது. ஆனா விஜய் மதன்லால் சௌத்ரி கேஸ்ல 2022 ஜூலையில சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, பறிமுதல் உத்தரவு வர்றதுக்கு முன்னாடியே வீட்டை எடுக்கறது விதிவிலக்காத்தான் இருக்கணும், வழக்கமா ஆக்கக் கூடாதுன்னு. ஈடிக்குச் சாதகமா போன தீர்ப்புதான், ஆனா இந்த ஒரு இடம் உங்க பாட்டிக்கு உதவும். விக்கமாட்டோம், அடமானம் வைக்கமாட்டோம்னு எழுதிக் குடுத்துட்டு, இருக்கறது இருக்கற மாதிரியே இருக்கட்டும்னு கேளுங்க. பத்து நாளுக்குள்ள ட்ரிப்யூனல் கேஸை எடுக்கலன்னா மதுரை ஹைகோர்ட் கிளையில ரிட் போட்டு, ஸ்டே மனுவை விசாரிக்கற வரைக்கும் வெளிய அனுப்பாதேன்னு மட்டும் கேக்கணும். மொத்த அட்டாச்மெண்டையும் ரத்து பண்ணுன்னு அங்க நின்னா ட்ரிப்யூனலுக்கே போங்கன்னு திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம்.

அப்பீல் யார் பேர்ல?

பட்டர்வொர்த்காரன்:
இப்பத்தான் போன் அடிச்சேன், மாமா பேர்ல மட்டுமாம். ஸ்டே மனுவும் போடல 😡

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:
அப்ப அம்மா பேர்லயும் ஒன்னு போடுங்க, அவங்க குற்றவாளியே இல்லையே, செக்‌ஷன் 26ல பாதிக்கப்பட்ட யாரும் போடலாம், உத்தரவு கைக்கு வந்ததுலேருந்து 45 நாள்.

ஈப்போ ராஜா:
கேஸுக்கு முன்னாடி வாங்குன வீடுன்னு சொல்லி மட்டும் தப்பிக்க முடியாது, அதே மதிப்புக்கு வேற சொத்தையும் அட்டாச் பண்ண சட்டத்துல வழி இருக்கு. காசு யாரோடதுன்னு காட்டணும். அப்பாவோட இபிஎஃப் ஸ்டேட்மெண்ட், பேங்க்ல டிடி அனுப்புன ஸ்லிப், பத்திரம் பதிவான தேதி, மூனும் ஒன்னுக்கொன்னு ஒத்துப்போகணும். அம்மா இங்க இருந்தா பவர் எழுதி கேஎல் (கோலாலம்பூர்) இந்தியன் ஹைகமிஷன்ல அட்டெஸ்ட் பண்ணி அனுப்புங்க, அங்க போய்ச் சேர்ந்து மூனு மாசத்துக்குள்ள ஸ்டாம்ப் கட்டணும்.

பட்டர்வொர்த்காரன்:
ஸ்லிப் மங்கிப் போச்சு, தொகை மட்டும் தெரியுது. நாளைக்கே பேங்க்ல பழைய ரெக்கார்ட் கேக்கறேன்.