இரவு ரோந்து: தனியாகவா, இருவராகவா? தரவு கிடைக்காமல் நிற்கிறேன்

வணக்கம். குற்றவியல் முதுகலை ஆய்வுக்காகத் தொண்டி முதல் தேவிபட்டினம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடக்கும் இரவு பைக் ரோந்தைப் பார்த்து வருகிறேன். ஒருவர் தனியாகப் போவதா, இருவர் போவதா, எதில் காவலருக்கு ஆபத்து குறைவு என்பதே கேள்வி. மூன்று மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

1977இல் வெளியான, அமெரிக்காவின் சான் டியாகோ நகரக் காவல் ரோந்து பற்றிய ஆய்வு, தனியாகப் போனவர்களுக்கு ஆபத்து கூடவில்லை என்றது. ஆனால் அது நகரம், கார், உதவிக்கு அடுத்த வண்டி பக்கத்திலேயே இருக்கும். இங்கே உப்பளத்தையும் கருவேலங்காட்டையும் தாண்டினால் செல்போன் சிக்னலே போய்விடுகிறது. அந்த முடிவை அப்படியே இங்கே பொருத்த எனக்கு மனம் வரவில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பக அறிக்கையைப் பார்த்தேன். பணியில் காயமடைந்தோர் கணக்கு மாநில வாரியாகத்தான் இருக்கிறது. ரோந்து வகை இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்குப் பாதுகாப்புக் காரணம் சொல்லி மறுத்துவிட்டார்கள். அப்புறம் ஓய்வு பெற்ற ஏட்டையாக்கள் ஆறு பேரிடம் பேசினேன். தாக்குதலை விட, விளக்கில்லாத சாலையில் குறுக்கே வரும் மாடுதான் பயம் என்றார்கள். ஆனால் எத்தனை மணி நேர ரோந்துக்கு எத்தனை காயம் என்று தெரியாமல் விகிதம் போட முடியாது. பட்டா புத்தகத்தில் (ரோந்து வரும் காவலர் கையெழுத்துப் போட ஆங்காங்கே வைத்திருக்கும் புத்தகம்) உள்ள கையெழுத்து அந்த இடத்துக்கு வந்ததை மட்டும்தான் காட்டுகிறது.

காவலர் பெயர், வழித்தடம் எதுவும் வெளிவராமல், ரோந்து நேரத்தை மட்டும் கணக்கிட எந்தப் பதிவேட்டைக் கேட்டுப் பெறலாம்?