பெரியவர்கள் சொல்லும் பழைய வண்டிப்பாதை: பேச்சை நம்புவதா, பதிவேட்டை நம்புவதா?

ஓலைப்பெட்டி:
உசிலம்பட்டிக்கு மேற்கே, ஆண்டிபட்டிக் கணவாய்க்கு முன்னால், இப்போதைய தேனி ரோட்டை விட்டு விலகி மலையடி ஓரமாக ஒரு வண்டிப்பாதை போனது என்று வீட்டில் எல்லாப் பெரியவர்களும் சொல்கிறார்கள். ஆனால் ஆளுக்கொரு தடம் காட்டுகிறார்கள். நான் வரையும் வரைபடத்தில் எதை ஏற்றுவது?

செக்குபந்தி:
பேச்சை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். கிராம வரைபடம், 'அ' பதிவேடு (கிராமத்து நிலங்களைப் புல எண் வாரியாகக் காட்டும் பதிவேடு), புலப்படம் (ஒவ்வொரு புல எண்ணுக்கும் உள்ள அளவுப் படம்) மூன்றையும் எடுங்கள். வண்டிப்பாதை தனிப் புல எண்ணோடு புறம்போக்காக இருந்தால் வேலை பாதி முடிந்தது. 'அ' பதிவேட்டில் பழைய புல எண்ணுக்கு ஒரு கலம் உண்டு, அதை விடாதீர்கள். நிலப் பதிவுகளைப் புதுப்பிக்க 1979-க்குப் பிறகு நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் உட்பிரிவுகள் மாறின. பழைய பத்திரத்து எண்ணை இன்றைய படத்தில் நேரே தேடினால் வேறொருவர் காட்டில் போய் நிற்பீர்கள்.

அளவும் கவனம். பழைய புலப்படங்கள் லிங்க் கணக்கு. 100 லிங்க் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. பாதை அகலம் 40 என்றிருந்தால் அது சுமார் 8 மீட்டர். அடி என்று எடுத்தால் பாதை பாதிக்கு மேல் அகலமாகிவிடும்.

கருமாத்தூரான்:
அண்ணே, சர்வே நடந்தது தீர்வைக்காக, அதாவது நிலவரிக்காக. பட்டா நிலத்துக்குள் புகுந்து போன தடம் எத்தனையோ பதிவேடு ஏறவே இல்லை. பதிவேட்டில் இல்லை என்பதற்காகப் பாதையே இல்லை என்று முடிவு கட்டினால், ஊர் புழங்கிய வழியில் பெரும்பகுதி போய்விடும்.

பெரியவர்கள் முரண்படுவது பொய்யால் அல்ல, கேள்வியால். "பாதை எது?" என்று கேட்டால் நடந்த வழியையும் வண்டி போன வழியையும் ஒன்றாக்கிச் சொல்வார்கள். தலைச்சுமையோடு போகிறவர் சரிவில் நேரே ஏறுவார், பாரவண்டி சுற்றித்தான் ஏறும். "மாட்டை எங்கே அவிழ்த்தீர்கள், தண்ணி எங்கே காட்டினீர்கள், ஐப்பசி மழையில் எந்த ஓடை வழிமறித்தது, ரயில் ரோட்டை எங்கே கடந்தீர்கள்?" என்று கேளுங்கள் தம்பி. ஒவ்வொருவரையும் தனித்தனியாக. கூட்டத்தில் மூத்தவர் சொன்னதையே மற்றவர்களும் பிடித்துக்கொள்வார்கள். காலத்துக்கு வைகை அணை நல்ல அடையாளம். அணை திறந்தது 1959, அதற்கு முந்தியா பிந்தியா என்று கேட்டால் தடுமாற மாட்டார்கள்.

செக்குபந்தி:
அப்படிக் கிடைப்பது புள்ளிகள்தான், கோடு இல்லை. இரண்டு கிணற்றுக்கு நடுவே வண்டி எப்படிப் போனது என்பதைப் பழைய பத்திரம்தான் சொல்லும். நாலெல்லை வாசகத்தைப் பாருங்கள்: "வண்டிப்பாதைக்கு வடக்கு" என்றிருந்தால் நிலம் பாதைக்கு வடக்கே இருக்கிறது, அதாவது பாதை நிலத்தின் தென்னெல்லை. இதைத் தலைகீழாகப் படித்துப் பாதையை ஒரு நில அகலம் தள்ளிப் போடுகிறவர்கள் நிறையப் பேர். அடுத்தடுத்த நாலைந்து பத்திரங்களில் அதே பாதை எல்லையாக வந்தால் கோடு தானாக ஓடிவிடும்.

கருமாத்தூரான்:
அதை ஏற்கிறேன். கூடவே களத்திலும் பார்க்க வேண்டும். பாறைமேல் சக்கரத் தடம் என்றால் இரண்டு பள்ளத்துக்கும் உள்ள இடைவெளியை மூன்று நாலு இடத்தில் அளந்து பாருங்கள். வண்டித் தடம் என்றால் இடைவெளி மாறாது, பள்ளத்தின் அடிப்பகுதி குறுகி, ஓரம் வழவழவென்று தேய்ந்திருக்கும். தண்ணீர் அரித்த பள்ளம் அகன்றும் குறுகியும் போகும்.

தலைச்சுமையை இறக்கி வைக்க நட்ட சுமைதாங்கிக் கல் இருந்தால் பெரிய சாட்சி.

செக்குபந்தி:
அங்கேதான் ஏமாறுவார்கள். ரோடு அகலப்படுத்தும்போது சுமைதாங்கியைப் பெயர்த்து ஓரமாக நட்டுவிடுவது வழக்கம். நிற்கும் கற்களின் அடியில் சிமெண்ட் தெரிந்தால் அது பாதையின் இடத்துக்குச் சாட்சி இல்லை. கல்லில் தமிழ் வருஷம் மட்டும் இருந்தாலும் நிதானம் வேண்டும். தாது வருஷம் 1876-77, அறுபது ஆண்டு கழித்து 1936-37-இலும் தாதுதான். எழுத்து வடிவம், பெயர்கள், இரண்டையும் சேர்த்துப் பார்த்தே சொல்ல முடியும்.

ஓலைப்பெட்டி:
பதிவேட்டில் துண்டுதுண்டாகத்தான் கிடைக்கும் போலிருக்கிறது. நடுவில் உள்ள இடைவெளியை என்ன செய்ய?

செக்குபந்தி:
பதிவேடோ பத்திரமோ இருக்கும் இடத்தில் முழுக்கோடு. மற்ற இடம் வெறுமையாகவே இருக்கட்டும். நாளைக்கு யாராவது இதைக் காட்டி வழிப்பிரச்சினை கிளப்பினால் பதில் சொல்ல முடியாது.

கருமாத்தூரான்:
வெறுமையாக விட்டால் அந்தத் துண்டைப் பற்றி இனி யாரும் தேட மாட்டார்கள். விட்டுவிட்டுப் போகும் கோடாகப் போடுங்கள். பக்கத்திலேயே சொன்னவர் வயது, நடந்தவரா வண்டி ஓட்டியவரா, எந்த ஆண்டு கேட்டது என்பதை எழுதிவிடுங்கள். உரிமைக்கான ஆவணம் அல்ல என்று வரைபடத்தின் மேலேயே போட்டுவிட்டால் அண்ணன் சொல்லும் சிக்கலும் வராது. பத்திரம் காத்துக்கொண்டிருக்கும், எண்பது வயதுக்காரர் காத்திருக்க மாட்டார். முதலில் அவரிடம் போங்கள்.