சிறிய கேமரா, பெரிய சென்சார்: குறைந்த செலவில் எதைத் தேர்ந்தெடுப்பது?

மாலைவெயில்:

அனைவருக்கும் வணக்கம். இதுவரை கைப்பேசியில் மட்டுமே படமெடுத்து வந்த நான், சிறு கைப்பையில் அடங்கக்கூடிய ஒரு கேமரா வாங்க எண்ணியிருக்கிறேன். பகல் வெளிச்சத்தில் கைப்பேசி எடுத்துத் தரும் படங்களில் எனக்குக் குறை ஏதும் இல்லை. இருட்டிய பிறகு வீட்டுக்குள் ஓடியாடும் குழந்தைகளை எடுக்கும்போதும், மகளின் நடன நிகழ்ச்சியை அரங்கின் முன்வரிசைகளில் அமர்ந்து எடுக்கும்போதும்தான் சிக்கல் வருகிறது. முகங்களில் நுணுக்கம் அழிந்து மெழுகு பூசியதுபோல் ஆகிவிடுகிறது; கையும் காலும் அசைந்த இடமெல்லாம் கலங்கிப் போகிறது.

ஒளியைப் படமாக மாற்றும் சில்லான சென்சார் பெரிதாக இருந்தால் இக்குறை தீரும் என்று படித்ததால், அளவுகளைத் தேடிப் பார்த்தேன். சாதாரணச் சிறு கேமராக்களில் உள்ள 1/2.3 அங்குல வகைச் சென்சாரின் பரப்பு ஏறத்தாழ 28 சதுர மி.மீ.; 1 அங்குல வகையில் அது 116; ஃபோர் தேர்ட்ஸ் வகையில் 225; ஏபிஎஸ்-சி வகையில் ஏறத்தாழ 370. இந்த வரிசையைப் பார்க்கும்போது ஏபிஎஸ்-சி சென்சார் கொண்ட ரிக்கோ ஜிஆர் 2 கேமராவையே வாங்கிவிடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் அதில் ஜூம் இல்லை. சோனி ஆர்எக்ஸ்100 வரிசை, கேனன் ஜி7 எக்ஸ் மார்க் 2, பானசோனிக் எல்எக்ஸ்100 ஆகியவற்றையும் பலர் பரிந்துரைக்கிறார்கள். புதிதாக வாங்கும் அளவுக்குக் கையில் பணம் இல்லாததால், பயன்படுத்திய கேமராவாக இருந்தாலும் சரி என்றே நினைக்கிறேன். என் தேவைக்கு எது பொருந்தும் என்பதைக் காரணத்தோடு விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஒளித்தடம்:

வணக்கம். உங்கள் தேவையை மிகத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள்; பதில் சொல்வதற்கு அதுவே பாதி உதவி. ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். சென்சாரின் பரப்பை மட்டும் வைத்துக் கேமராக்களை வரிசைப்படுத்தினால், உங்களுக்கு வேண்டிய இடத்தில் அந்த வரிசை தவறாகிவிடும். சென்சாருக்கு ஒளியைக் கொண்டுவந்து சேர்ப்பது லென்ஸ். எந்தக் கோணத்தில் நீங்கள் படமெடுக்கப் போகிறீர்களோ அந்தக் கோணத்தில் லென்ஸ் எவ்வளவு ஒளியை உள்ளே விடுகிறது என்பதைச் சென்சாரோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

இதைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. லென்ஸின் உண்மையான குவியத்தூரத்தை (காட்சியை எவ்வளவு நெருக்கிக் காட்டும் என்பதை முடிவு செய்யும் மி.மீ. அளவு) எஃப் எண்ணால் (லென்ஸின் திறப்பைக் குறிக்கும் எண்; எண் சிறிதானால் திறப்பு பெரிது) வகுத்தால், ஒளி நுழையும் துளையின் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். இரண்டு கேமராக்கள் ஒரே காட்சியை, ஒரே கோணத்தில், ஒரே ஷட்டர் வேகத்தில் (சென்சார் மேல் ஒளி விழும் நேரம்) எடுக்கும்போது, எதன் துளை பெரிதோ அது அதிக ஒளியைச் சேர்க்கும். படத்தில் இரைச்சலும் (மணல்போல் தெரியும் புள்ளிகள்) அந்த அளவுக்குக் குறையும். சென்சார் சிறிதா பெரிதா என்பது இந்தக் கணக்குக்குள்ளேயே அடங்கிவிடுகிறது, ஏனென்றால் அதே கோணத்தைப் பெற, பெரிய சென்சாருக்கு நீண்ட குவியத்தூரம் தேவைப்படுகிறது. சென்சார்களின் தலைமுறை வேறுபாடு இதைச் சற்று மாற்றும். ஆனால் நீங்கள் குறிப்பிட்டவை எல்லாம் ஏறத்தாழ ஒரே காலத்தவை என்பதால் அதைப் பெரிதாக எண்ண வேண்டாம்.

இப்போது உங்கள் நடன அரங்குக்கு வருவோம். 2012இல் வந்த முதல் ஆர்எக்ஸ்100 கேமராவிலும், 2016இல் வந்த ஜி7 எக்ஸ் மார்க் 2 கேமராவிலும் இருப்பது ஒரே அளவுள்ள 1 அங்குல வகைச் சென்சார்தான்; இரண்டுமே 20 மெகாபிக்சல். இரண்டின் ஜூமும் 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் (அந்த ஃபிலிம் கேமராவில் அதே கோணத்தைத் தரும் குவியத்தூரம்; லென்ஸின் உண்மையான குவியத்தூரம் இதைவிடக் குறைவு) 100 மி.மீ. வரை போகிறது. ஆனால் அந்த முனையில் சோனியின் லென்ஸ் எஃப் 4.9 ஆகச் சுருங்கிவிடுகிறது. கேனனின் லென்ஸ் எஃப் 2.8 ஆகவே நிற்கிறது. துளையின் விட்டம் முதலாவதில் 7.6 மி.மீ., இரண்டாவதில் 13.1 மி.மீ. ஒளியின் அளவு விட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், ஒரே அளவுச் சென்சார் இருந்தும் கேனன் ஏறத்தாழ மூன்று மடங்கு ஒளியைப் பெறுகிறது. விலை குறைவாகக் கிடைக்கிறது என்பதற்காக முதல் ஆர்எக்ஸ்100 கேமராவை வாங்குவோர் பலர். அகலக் கோணத்தில் எஃப் 1.8 இருப்பதால் வீட்டுக்குள் எடுக்க அது இன்றும் நல்ல கேமராதான். அரங்கில் அது உங்களுக்குக் கை கொடுக்காது.

ஆர்எக்ஸ்100 வரிசையில் 2014இல் வந்த மூன்றாவது கேமராவில் லென்ஸ் 24 முதல் 70 வரை, எஃப் 1.8 முதல் 2.8 வரை என்று மாறியது. உள்ளிருந்து எழும்பும் வ்யூஃபைண்டரும் (கண்ணை வைத்துக் காட்சியைப் பார்க்கும் சாளரம்) சேர்ந்தது. 70 மி.மீ. முனையில் துளை 9.2 மி.மீ. அதே ஆண்டு வந்த எல்எக்ஸ்100 கேமராவில் ஃபோர் தேர்ட்ஸ் சென்சாரின் முழுப் பரப்பும் பயன்படுவதில்லை. எந்தப் பட விகிதத்திலும் கோணம் மாறாமல் இருக்க ஓரங்களை விட்டுவிடுகிறார்கள். அப்படியிருந்தும் அதன் 75 மி.மீ. முனையில், எஃப் 2.8 அளவில், துளை 12.1 மி.மீ. வருகிறது. அகல முனையில் எஃப் 1.7 என்பதால் வீட்டுக்குள்ளும் அது முன்னிற்கும்.

ஆகவே உங்கள் இரண்டு தேவைகளையும் வைத்துப் பார்த்தால், என் பரிந்துரை ஜி7 எக்ஸ் மார்க் 2 அல்லது எல்எக்ஸ்100. இரண்டில் எது என்பதை, நீங்கள் அரங்கில் எவ்வளவு தொலைவில் அமர்கிறீர்கள் என்பதும், எவ்வளவு தடிமனை உங்கள் பை தாங்கும் என்பதும் முடிவு செய்யட்டும். கேனன் 42 மி.மீ. தடிமன், 319 கிராம். பானசோனிக் 55 மி.மீ. தடிமன், 393 கிராம். எண்ணில் சிறிதாகத் தெரியும் இந்த வேறுபாடு கையில் எடுத்துப் பார்த்தால் பெரிதாகத் தெரியும்.

அகலக்கோணம்:

ஒளித்தடம் அவர்கள் சொன்ன கணக்கு சரியே. ஆனாலும் ரிக்கோ ஜிஆர் கேமராவை நெடுநாளாகப் பயன்படுத்துகிறவன் என்ற முறையில், அதைப் பற்றிச் சில சொற்கள் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 35 மி.மீ. தடிமனும் 251 கிராம் எடையும் கொண்ட ஓர் உடலுக்குள் ஏபிஎஸ்-சி சென்சாரையும், மூலைக்கு மூலை கூர்மை குறையாத ஒரு லென்ஸையும் வைத்திருக்கிறார்கள். அதில் ஸ்னாப் ஃபோகஸ் என்ற வசதி உண்டு. தொலைவை 2 மீட்டர் என்று முன்கூட்டியே அமைத்து, எஃப் 5.6 வைத்துவிட்டால், ஏறத்தாழ 1.2 மீட்டர் முதல் 6 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். ஷட்டர் பொத்தானை ஒரே மூச்சில் அழுத்தினால் ஃபோகஸுக்காகக் காத்திருக்காமல் படம் பதிவாகிவிடும். பகலில், முற்றத்திலோ தெருவிலோ, குழந்தைகளை எடுக்க இதைவிட விரைவான சிறு கேமராவை நான் கண்டதில்லை.

இருந்தாலும் உங்கள் தேவைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் லென்ஸ் 28 மி.மீ. கோணத்தில் நிலையாக நிற்பது. நடனமாடும் மகளின் உருவம் பெரிதாக வேண்டும் என்று 70 மி.மீ. கோணத்துக்குப் படத்தை வெட்டினால், 16 மெகாபிக்சலில் மிஞ்சுவது இரண்டரை மெகாபிக்சல்தான். பயன்படும் சென்சார் பரப்பும் 60 சதுர மி.மீட்டருக்குச் சுருங்கிவிடும். அது 1 அங்குல வகையில் பாதி. பெரிய சென்சாருக்குப் பணம் கொடுத்துவிட்டு அதில் ஆறில் ஒரு பங்கை மட்டும் பயன்படுத்துவது எவ்வகையில் நியாயம்? தவிர, வீட்டுக்குள் இரவில் எடுக்கும்போது எஃப் 2.8 அளவும், மங்கிய ஒளியில் தடுமாறும் ஃபோகஸும் பொறுமையைச் சோதிக்கும். படமெடுப்பதையே ஒரு பழக்கமாகக் கொண்டு, நடந்து அருகில் சென்று எடுக்க விரும்புவோருக்கான கேமரா அது.

மாலைவெயில்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நான் பார்த்த எந்த ஒப்பீட்டிலும் துளையின் விட்டத்தைப் பற்றி இவ்வளவு தெளிவாக எழுதப்படவில்லை. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. லென்ஸ் மாற்றக்கூடிய ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத) கேமராக்கள், கூடவே வரும் சிறு ஜூம் லென்ஸுடன், பயன்படுத்திய நிலையில் ஏறக்குறைய இதே செலவில் கிடைக்கின்றன என்கிறார்கள். அது மேலானதாக இருக்குமா? அடுத்து, எல்எக்ஸ்100 கேமராவில் 12.8 மெகாபிக்சல்தான் இருக்கிறது, அது போதுமா?

ஒளித்தடம்:

முதல் ஐயத்துக்கும் அதே கணக்குதான் விடை. கூடவே வரும் 16-50 மி.மீ. (இது உண்மையான குவியத்தூரம்) வகை ஜூம் லென்ஸ் நீண்ட முனையில் எஃப் 5.6 ஆக இருக்கும். 50ஐ 5.6ஆல் வகுத்தால் 8.9 மி.மீ. வருகிறது, எல்எக்ஸ்100 கேமராவின் 12.1 மி.மீட்டரைவிட இது தெளிவாகக் குறைவு. ஏபிஎஸ்-சி சென்சாரின் நன்மையை அந்த லென்ஸே தின்றுவிடுகிறது. பின்னாளில் எஃப் 1.8 போன்ற நல்ல லென்ஸ் ஒன்றை வாங்கும் எண்ணம் உறுதியாக இருந்தால் மட்டுமே அந்த வழி பயன் தரும். அப்போது செலவும் பருமனும் கூடும்.

மெகாபிக்சல் பற்றிக் கவலை வேண்டாம். 4:3 விகிதத்தில் அதன் படம் 4112க்கு 3088 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற தரமான அச்சுக் கணக்கில் 13க்கு 10 அங்குலப் படம் தாராளமாகக் கிடைக்கும். 100 மி.மீ. கோணத்துக்கு வெட்டினாலும் 7 மெகாபிக்சல் மிஞ்சும், ஒளியின் அளவிலும் ஜி7 எக்ஸ் மார்க் 2 கேமராவை ஒட்டியே வரும்.

இருட்டறை:

கேமரா எது என்பதை மேலே உள்ளவர்கள் சொல்லிவிட்டார்கள். பயன்படுத்தியதை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதை நான் சொல்கிறேன். இவ்வகைக் கேமராக்களில் முதலில் தேய்வது உள்ளும் புறமும் நகரும் லென்ஸ் பொறிதான். கேமராவைப் பலமுறை அணைத்து இயக்குங்கள்; ஜூமை ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கொண்டு செல்லுங்கள். எங்காவது தயங்கினாலோ, உரசும் ஒலி கேட்டாலோ, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

அடுத்தது தூசி. லென்ஸ் நீளும்போதும் சுருங்கும்போதும் காற்றை உள்ளிழுக்கிறது. அந்தக் காற்றோடு வரும் தூசி சென்சார் மேல் படிந்தால், கேமராவைப் பிரிக்காமல் துடைக்க வழியில்லை. எஃப் எண்ணை அந்தக் கேமராவில் உள்ள மிகப் பெரிய எண்ணுக்கு வைத்து, வெளிச்சமான வெள்ளைச் சுவரை ஜூமின் இரு முனைகளிலும் எடுத்து, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே இடத்தில் மங்கலான கரும்புள்ளிகள் தென்பட்டால் அவை தூசி. ஈரப்பதம் மிகுந்த இடத்தில் கிடந்த கேமரா என்றால், லென்ஸ் மீது டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்து உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சிலந்தி வலை போன்ற இழை தெரிந்தால் அது பூஞ்சைதான்.

நுணுக்கம் நிறைந்த தட்டையான சுவர் ஒன்றை, கேமராவை நேராகப் பிடித்து, அகல முனையில் எடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். நான்கும் சிறிதளவு மங்கலாக இருந்தால் அது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் மங்கினால் லென்ஸ் எப்போதோ விழுந்து இடம் பெயர்ந்திருக்கலாம். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பார்த்து, மாற்றுப் பேட்டரி இன்னும் கிடைக்கிறதா என்பதையும் முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள்: கேனனுக்கு என்பி-13எல், பானசோனிக்குக்கு டிஎம்டபிள்யூ-பிஎல்ஜி10.

மாலைவெயில்:

மிக்க நன்றி. நேற்று ஒரு நண்பரின் எல்எக்ஸ்100 கேமராவைக் கையில் வாங்கிப் பார்த்தேன். என் பைக்குள் அது அடங்குகிறது, வ்யூஃபைண்டரும் எனக்குப் பிடித்திருக்கிறது. அதையே தேடப் போகிறேன். வாங்கியபின் நடன அரங்கில் எந்த அமைப்பில் தொடங்கலாம்?

ஒளித்தடம்:

நல்ல தேர்வு. அதில் ஷட்டர் வேகத்துக்குத் தனிச் சக்கரமும், அப்பர்ச்சருக்கு (எஃப் எண்ணுக்கு) லென்ஸைச் சுற்றி வளையமும் இருப்பதால் அமைப்பது எளிது. ஷட்டரை 1/250 நொடிக்கும், வளையத்தை எஃப் 2.8க்கும் வைத்து, ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வைக் குறிக்கும் எண்) தானியங்கியில் விட்டுவிடுங்கள். மேடை விளக்கு மங்கும் கட்டங்களில் 1/125க்கு இறங்கலாம். ஐஎஸ்ஓ 3200 வரை ஏறினாலும் தயங்க வேண்டாம்: இரைச்சலைப் பின்னர் மென்பொருளில் குறைக்க முடியும், கலங்கிய அசைவைத் திருத்த முடியாது. அதற்காகவே ஜேபெக்குடன் ரா கோப்பையும் (கேமரா திருத்தாமல் வைக்கும் மூலத் தரவு) சேர்த்துப் பதிவு செய்யுங்கள். பின்னணி இருண்டிருக்கும்போது கேமரா முகத்தை அளவுக்கு மீறி வெளுக்க வைக்கும். எக்ஸ்போஷர் ஈடுசெய்யும் சக்கரத்தை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது) மைனஸ் 1 பக்கம் திருப்பி, முதல் சில படங்களைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.